‘இந்த சர்வே எண் ஏற்கனவே பதிவாகியுள்ளது’: கணினி எதை மறுக்கிறது, ஏன் மறுக்கிறது?

சம்பா அறுவடை முடிந்து டிபிசி (நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில் நெல் குவியும் நாட்களில் டெல்டா முழுக்க ஒரே பேச்சுதான். “சர்வர் ஏத்துக்க மாட்டேங்குது.” “சர்வே நம்பர் ஏற்கனவே பதிவாயிடுச்சுன்னு காட்டுது.” பதிவு செய்யப் போனவர் தன் நிலத்துக்கு இதுவரை யாருமே பதியவில்லை என்று சத்தியம் செய்வார், கணினி முன்னால் இருப்பவர் திரையில் வந்த சிவப்பு எழுத்தைத் திருப்பிக் காட்டுவார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அங்கே மறுப்பது, அந்தத் தரவுத்தளத்தை வடிவமைத்த நாளில் யாரோ எழுதி வைத்த ஒரு விதி.

இந்த மாதிரி விதிகளைத் தரவு ஒருமைப்பாட்டுக் கட்டுப்பாடுகள் என்பார்கள், மென்பொருள் ஆட்கள் சுருக்கமாக கன்ஸ்ட்ரைன்ட் என்று விடுவார்கள். இவை என்ன, எங்கே எழுத வேண்டும், எங்கே காலை வாரும் என்பதை ஒரு கற்பனைக் கொள்முதல் நிலையத்தை வைத்துப் பார்க்கலாம். எந்த அரசுத் தளத்தின் உள்கட்டமைப்பையும் இது விவரிக்கவில்லை. நிலமும் நெல்லும் மூட்டையும் நமக்குத் தெரிந்த விஷயங்கள், அதனால் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதியாக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஆனால் எழுதுவதற்கு முன்னால், அது உண்மையிலேயே விதிவிலக்கு இல்லாத விதிதானா என்று ஊரில் போய்க் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

அடிப்படை: என்னென்ன விதி எழுத முடியும்?

தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். நம் நிலையத்துக்கு நான்கு அட்டவணை போதும்: விவசாயி, நிலம், பதிவு, கொள்முதல் ரசீது. ஒவ்வொரு அட்டவணையிலும் வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் புலங்கள். இவற்றின் மேல் எழுதக்கூடிய விதிகள் சுமாராக இவை:

1. தரவு வகை. இதை விதி என்றே பலர் நினைப்பதில்லை, ஆனால் முதல் காவல் இதுதான். ஈரப்பதம் எண்ணாக இருக்க வேண்டும், தேதி தேதியாக இருக்க வேண்டும். பணத்தையும் பரப்பளவையும் மிதவைப் புள்ளி எண்ணில் வைக்காமல் தசம எண்ணாக வைக்க வேண்டும். மிதவைப் புள்ளியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. ஆயிரக்கணக்கான ரசீதைக் கூட்டும்போது அந்தத் துளி எங்காவது வெளியே தெரியும்.

2. நாட் நல். இந்தப் புலம் காலியாக இருக்கக் கூடாது.

3. செக். ஒரு வரிசைக்குள் இருக்கும் மதிப்புகள் ஒரு நிபந்தனைக்கு உட்பட வேண்டும். மூட்டை எண்ணிக்கை சுழியத்தைவிடப் பெரியது, ஈரப்பதம் 0 முதல் 100க்குள், அறுவடைத் தேதி நடவுத் தேதிக்குப் பிறகு.

4. பிரைமரி கீ, யூனிக். ஒரே மதிப்பு இரண்டு வரிசையில் வரக் கூடாது. பிரைமரி கீ என்றால் கூடவே காலியாகவும் இருக்கக் கூடாது.

5. ஃபாரின் கீ. ரசீதில் இருக்கும் விவசாயி எண், விவசாயி அட்டவணையில் உண்மையிலேயே இருக்க வேண்டும். ஆளில்லாத ரசீது கிடையாது.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை வைத்து மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துவிடலாம். அது 11 எழுத்து, முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம். இந்த வடிவத்தை செக் பார்த்துக்கொள்ளும். ஆனால் வடிவம் சரியாக இருந்தால் மட்டும் அப்படி ஒரு கிளை இருந்துவிடாது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது, பிறகு அதன் கிளைகளுக்குக் குறியீடும் மாறியது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து அடித்தால் செக் விதி சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், பணம் போய்ச் சேராது. கிளைகளுக்குத் தனி அட்டவணை வைத்து, அதற்கு ஃபாரின் கீ போட்டு, அந்த அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் பிடிபடும்.

திரையில் தடுத்தால் போதாதா?

படிவத்திலேயே சரிபார்த்துவிட்டோம், அப்புறம் எதற்குத் தரவுத்தளத்திலும் என்பது வழக்கமான வாதம். படிவம் ஒரே ஒரு வழி. மொபைல் செயலி இன்னொரு வழி. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் எக்செல் கோப்பை மொத்தமாக ஏற்றுவது மூன்றாவது. இரவு பதினொரு மணிக்கு, நாளைக் காலை டோக்கன் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில், நேரடியாக உள்ளே போய் நாலு வரியை மாற்றும் புரோகிராமர் நாலாவது. வயல் மடையை எல்லாம் அடைத்துவிட்டுத் தலைமதகைத் திறந்து போட்ட கதைதான், எந்த வரப்பு உடையும் என்று சொல்ல முடியாது.

படிவத்தில் சரிபார்ப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பதிவு செய்பவரின் வசதிக்கு, தவறை உடனே காட்டுவதற்கு. தரவைக் காப்பாற்றும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது, அதுதான் விஷயம்.

சர்வே எண் என்ற கண்ணிவெடி

சரி, தலைப்புக்கு வருவோம். நிலம் அட்டவணையில் ஒரு நிலம் ஒருமுறைதான் வர வேண்டும். எதை வைத்து அடையாளம் காண்பது? புதிதாக வருபவர் யோசிக்காமல் சர்வே எண்ணுக்கு யூனிக் போடுவார். சர்வே எண் 124 மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலும் இருக்கும், பாபநாசம் பக்கம் இன்னொன்றிலும் இருக்கும், ஏனென்றால் அது கிராமத்துக்குள் மட்டும் தனித்துவமானது. எனவே முதலில் பதிந்த கிராமம் தப்பிக்கும், மற்ற ஊர்க்காரர்களுக்கு ‘ஏற்கனவே பதிவாகியுள்ளது’.

அடுத்த முயற்சி: மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று ஐந்தையும் சேர்த்து ஒரே கீ. இது சரி என்று தோன்றும். இதில் இரண்டு ஓட்டை.

முதல் ஓட்டை காலி மதிப்பு. 124/2ஏ என்று உட்பிரிவு உள்ள நிலமும் உண்டு, உட்பிரிவே ஆகாத வெறும் 124உம் உண்டு. உட்பிரிவு இல்லாத இடத்தில் நல் என்று விடுவார்கள். நல் என்றால் ‘தெரியாது’ என்று தரவுத்தளங்களின் பொதுமொழியான எஸ்க்யூஎல் புரிந்துகொள்கிறது, தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமம் என்று அது ஒப்புக்கொள்ளாது. எனவே போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருளிலும் உட்பிரிவு இல்லாத அதே நிலத்தை யூனிக் விதி இருக்கும்போதே பத்து முறை பதியலாம், விதி வாயே திறக்காது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு மென்பொருள் இதற்கு நேர் எதிராக, யூனிக் விஷயத்தில் இரண்டு நல்லையும் சமமாகவே எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, நல்களைச் சமமாகக் கருது என்று தனியாகச் சொல்லும் வசதி உண்டு.

இதைவிட மோசமானது ஃபாரின் கீயில் நடக்கும். ஐந்து புலம் சேர்ந்த ஃபாரின் கீயில் ஒன்று நல்லாக இருந்தாலும், வழக்கமான அமைப்பில், முழுச் சரிபார்ப்பையும் தரவுத்தளம் விட்டுவிடும். அதாவது இல்லாத கிராமத்தில் இல்லாத சர்வே எண்ணைப் போட்டு உட்பிரிவை மட்டும் காலியாக விட்டால் பதிவு உள்ளே போய்விடும். மருந்து எளிது: உட்பிரிவுக்கு நாட் நல் போட்டு, உட்பிரிவு இல்லாத நிலத்துக்கு ஒரு கோடு, ‘-’, இடுங்கள். ‘இல்லை’ என்பது நமக்குத் தெரிந்த தகவல், அதைப் போய் ‘தெரியாது’ என்று சேமிப்பானேன்.

இரண்டாவது ஓட்டையைக் கணினி ஆட்களைவிட நம் ஊர்க்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். சீர்காழிப் பக்கம் ஒரு வயல் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம். அந்த வருஷம் நாகப்பட்டினம் பிரிந்தது, வயல் நாகையில். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, வயல் அங்கே போனது. வயல் ஒரு அடி நகரவில்லை. மாவட்டக் குறியீட்டைக் கீயின் உள்ளே வைத்திருந்தால் நிலம் அட்டவணையில் மாற்ற வேண்டும், அதைச் சுட்டும் ஒவ்வொரு பதிவிலும் மாற்ற வேண்டும், பழைய ரசீதிலும். ஃபாரின் கீயில் மாற்றத்தைக் கீழே கடத்தும் ஏற்பாடு இருக்கிறது என்பது உண்மை, ஆனால் போன வருஷ ரசீதில் அச்சான மாவட்டம் இன்று வேறாகத் தெரிவதைத் தணிக்கைக்காரர் ஏற்பாரா என்று யோசியுங்கள். உட்பிரிவும் அப்படித்தான், பாகப்பிரிவினை நடந்தால் 124/2 மறைந்து 124/2ஏ, 124/2பி ஆகிவிடும்.

அதனால் நிலத்துக்கு அர்த்தமே இல்லாத ஒரு உள் எண்ணைக் கொடுத்து அதைப் பிரைமரி கீ ஆக்குவார்கள். மற்ற அட்டவணைகள் எல்லாம் அந்த எண்ணைத்தான் சுட்டும். அதோடு, ஐந்து புலம் சேர்ந்த யூனிக் விதியையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். உள் எண் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று யூனிக்கை விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கும் கோளாறு. அப்படி விட்டால் ஒரே வயலுக்கு மூன்று உள் எண் உருவாகி, மூன்றும் ‘தனித்துவமாக’ இருக்கும்.

இதுவரை நிலம் அட்டவணை. பதிவு அட்டவணையில்தான் உண்மையான சண்டை. ‘ஒரு நிலம், ஒரு பருவம், ஒரு பதிவு’ என்று யூனிக் எழுதினால் படிக்க அழகாக இருக்கும். டெல்டாவில் அது நடக்காது:

1. கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரில் ஒரே பட்டா, ஆளுக்கொரு பக்கம் சாகுபடி. முதலில் போனவர் பதிந்துவிட்டால் மற்ற இருவருக்கும் சிவப்பு எழுத்து.

2. குத்தகை. கோயில் நிலமும் மடத்து நிலமும் இங்கே ஏராளம். பட்டா ஒருவர் பெயரில், உழுபவர் வேறொருவர், சில சமயம் ஒரே உட்பிரிவில் இரண்டு குத்தகைதாரர்.

3. பகுதி சாகுபடி. ஒரே உட்பிரிவில் பாதியில் குறுவை போட்டுவிட்டுப் பின்னால் தாளடி, மீதியில் நேரே சம்பா. இதுவும் சகஜம்.

யூனிக் விதி இங்கே தப்பான கேள்வியைக் கேட்கிறது. உண்மையான விதி எண்ணிக்கை பற்றியதே கிடையாது: ஓர் உட்பிரிவில் ஒரு பருவத்துக்குப் பதிவான பரப்புகளின் கூட்டுத்தொகை அந்த உட்பிரிவின் மொத்தப் பரப்பைத் தாண்டக் கூடாது. அதுதான் காக்க வேண்டியது.

கூட்டுத்தொகை விதி: சொல்வது சுலபம், காப்பது கடினம்

செக் விதி தன் வரிசையை மட்டுமே பார்க்கும். கூட்டுத்தொகைக்குப் பல வரிசையைப் பார்க்க வேண்டும், இன்னொரு அட்டவணையில் இருக்கும் மொத்தப் பரப்பையும் பார்க்க வேண்டும். இதற்கென்றே எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலையில் அசர்ஷன் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். எந்த அட்டவணையைப் பற்றியும் எந்த நிபந்தனையையும் எழுதலாம், எப்போதும் உண்மையாக இருக்கும்படி தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும். தரநிலையில் வந்ததே தவிர, பரவலாகப் புழங்கும் தரவுத்தளங்கள் பல்லாண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்த அசர்ஷன் பாதிக்கப்படும் என்று கண்டுபிடித்து மறுபடி கணக்கிடுவது அவ்வளவு செலவு பிடித்த வேலை.

அப்புறம் என்ன செய்வது? டிரிக்கர் எழுதலாம் என்பார்கள், அதாவது ஒரு வரிசை நுழையும்போது தானாக ஓடும் சிறு நிரல். ‘இதுவரை பதிவானதைக் கூட்டு, புதியதைச் சேர், மொத்தத்தைத் தாண்டினால் மறு.’ தனியாகச் சோதித்தால் அருமையாக வேலை செய்யும். இப்போது இதைப் பாருங்கள்.

உட்பிரிவின் மொத்தப் பரப்பு 120 சென்ட். அண்ணன் கும்பகோணத்தில் ஒரு மையத்தில் 80 சென்ட்டுக்குப் பதிகிறார். தம்பி அதே நிமிடம் திருவிடைமருதூரில் 70 சென்ட்டுக்குப் பதிகிறார். இரண்டு டிரான்சாக்ஷனும் (முழுதாக முடியும், இல்லையேல் ஒன்றுமே நடக்காது என்று சேர்த்துக் கட்டிய வேலைகள்) ஒரே நேரத்தில் கூட்டிப் பார்க்கின்றன, ஒன்றின் முடிவுறாத பதிவு மற்றதன் கண்ணுக்குத் தெரியாது, இரண்டுக்கும் கூட்டுத்தொகை சுழியம். 80 சரி, 70உம் சரி. இரண்டும் முடிந்த பிறகு 120 சென்ட் நிலத்தில் 150 சென்ட் நெல். டிரிக்கரில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, இடைவெளியில் நுழைந்தது பிழை. சோதனைச் சூழலில் இது வரவே வராது. சீசன் நெரிசலில்தான் வரும்.

தீர்வு மூன்று வழியில் இருக்கிறது.

1. பூட்டு. கூட்டிப் பார்ப்பதற்கு முன் நிலம் அட்டவணையில் அந்த உட்பிரிவின் வரிசையைப் பூட்டிவிட வேண்டும். தம்பியின் டிரான்சாக்ஷன் அண்ணனுடையது முடியும்வரை காத்திருக்கும், பிறகு 80 என்று சரியாகப் பார்க்கும். ஒரே ஒரு இடத்தில் யாராவது பூட்ட மறந்தால் போச்சு.

2. சீரியலைசபிள் என்ற தனிமை நிலை. எல்லா டிரான்சாக்ஷனும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் போன்ற முடிவை இது உறுதிசெய்யும். போஸ்ட்கிரெஸில் 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து இது உண்மையான பொருளில் இருக்கிறது. மோதல் வந்தால் ஒரு டிரான்சாக்ஷனைத் தள்ளிவிடும், செயலி அதை மறுபடி முயல வேண்டும். மறுமுயற்சி எழுதாத செயலியில் இதைப் போட்டால் “சர்வர் ஏத்துக்கல” என்ற புகார் இன்னும் கூடும்.

3. ஓடும் தொகை. நிலமும் பருவமும் சேர்ந்த ஒரு சிறு அட்டவணை, அதில் மொத்தப் பரப்பு, இதுவரை பதிவானது என இரண்டு புலம், ‘பதிவானது மொத்தத்தைத் தாண்டாது’ என்று ஒரு சாதாரண செக். ஒவ்வொரு பதிவும் அதே டிரான்சாக்ஷனில் இந்தத் தொகையைக் கூட்ட வேண்டும். ஒரே வரிசையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது என்பதால் இரண்டாமவர் தானாகக் காத்திருப்பார், கூட்டியதும் செக் அவரைத் தடுக்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. கணக்கிட்டுப் பெறக்கூடிய ஒன்றைத் திரும்பச் சேமிக்காதே என்று பாடத்தில் சொல்வார்கள், இது அந்தப் பாடத்தைத் தெரிந்தே மீறுகிறது. தொகையைக் கூட்டுவதையும் டிரிக்கரிடம் விட்டு, மாதம் ஒருமுறை பதிவுகளைக் கூட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த மீறல் தாங்கக்கூடியதே.

இதற்குள் இன்னொரு குட்டி வில்லன் இருக்கிறான்: அலகு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும், 0-48.50 என்பது மாதிரி. வாய்ப்பேச்சில் அதே நிலம் ‘ஒரு ஏக்கர் இருபது சென்ட்’, பெரியவர்கள் இன்னமும் மா, வேலி என்பார்கள். 48.50 ஏர் என்பது சுமார் 119.85 சென்ட். 120 சென்ட் என்று நேர்மையாகச் சொன்னவரைக் கால் சென்ட்கூட இல்லாத வித்தியாசத்துக்காகக் கூட்டுத்தொகை விதி மறுத்துவிடும். ஒரே அலகில் சேமியுங்கள், ஆவணத்தில் இருக்கும் அலகிலேயே சேமியுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் ஏக்கர் சென்ட்டாக மாற்றுங்கள். மூட்டைக்கும் இதே கதை. டிபிசியில் மூட்டை 40 கிலோ, வியாபாரி கணக்கில் 60 கிலோ. புலத்துக்கு ‘மூட்டை’ என்று மட்டும் பெயர் வைத்தால் எந்தக் கட்டுப்பாடும் காப்பாற்றாது, ஏனென்றால் இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள்.

17 சதவீதம்: இயற்கை விதியா, இந்த வருஷ விதியா?

நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். செக் விதியில் ‘ஈரப்பதம் 17க்குள்’ என்று எழுதிவிடலாமே? வடகிழக்குப் பருவமழை அறுவடையோடு வந்து மோதும் ஆண்டுகளில் மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும், வரம்பு உயர்த்தப்படுவதும் உண்டு. அன்று இரவு தரவுத்தளத்தின் கட்டமைப்பையே மாற்ற வேண்டிவரும். பருவம் முடிந்ததும் மறுபடி 17க்கு இறக்கப் போனால், தளர்வுக் காலத்தில் வாங்கிய பழைய வரிசைகள் புதிய விதிக்கு ஒத்துவராமல் நிற்கும்.

நான் பிரிக்கும் முறை இது. எந்த ஆண்டிலும் எந்த அரசாணையாலும் மாறாதது செக்கில்: ஈரப்பதம் 0 முதல் 100. ஆணையால் மாறுவது தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற எல்லையோடு. விலையும் அப்படியே. 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. பருவமும் ரகமும் சேர்ந்தது கீ, ரசீது அதை ஃபாரின் கீயாகச் சுட்டும், 40 கிலோ பொது ரகத்துக்கு 1,000 ரூபாய் என்பது தானாகக் கணக்காகும். தொகையைக் கையால் அடிக்கும் புலமே இல்லையென்றால் தொகை தவறாக இருப்பதைத் தடுக்கும் விதியும் தேவையில்லை.

அளவுக்கு மீறிய கண்டிப்பு தரவைச் சுத்தமாக்காது, பொய் சொல்லப் பழக்கும். மொபைல் எண் கட்டாயம் என்றால் கையில் போன் இல்லாத பாட்டிக்குப் பத்து ஒன்பது அடிக்கப்படும். ஈரப்பதம் கட்டாயம், ஆனால் அளக்கும் கருவி பழுது என்றால் எல்லா ரசீதிலும் 16.9 இருக்கும். நல் என்று விட்டிருந்தால் ‘அளக்கவில்லை’ என்றாவது தெரிந்திருக்கும். அதே நேரம், நல்லை அனுமதித்தால் ஒன்றை மறக்கக் கூடாது: செக் விதி ‘பொய்’ என்று வந்தால்தான் தடுக்கும், ‘தெரியாது’ என்று வந்தால் விட்டுவிடும். ஈரப்பதம் நல் என்றால் ‘17க்குள்’ என்ற செக் அமைதியாக வழிவிடும்.

அழிக்கும்போது என்ன ஆகும்?

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஃபாரின் கீ எழுதும்போது, தாய் வரிசை அழிந்தால் பிள்ளை வரிசைகளை என்ன செய்வது என்று கேட்கும்: தடு, சேர்த்து அழி, அல்லது நல் ஆக்கு. ‘சேர்த்து அழி’ வசதியாகத் தெரியும். ஒரே விவசாயி இரண்டு முறை பதிவாகியிருக்கிறார் என்று ஒரு வரிசையை நீக்கப் போய், அதோடு மூன்று பருவ ரசீதும் மாயமாகிவிடும். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் ‘தடு’ என்பதே என் பரிந்துரை. சீசனுக்குத் திறந்து சீசன் முடிந்ததும் மூடும் கொள்முதல் நிலையங்களையும் அழிக்க வேண்டாம், செயல்பாட்டில் இல்லை என்று குறித்தால் போதும்.

எழுதினால் மட்டும் போதாது, உங்கள் தரவுத்தளம் அதைக் கேட்கிறதா?

விதியை எழுதி, பிழை ஏதும் வராமல், அது அமலிலும் இல்லாமல் இருக்க முடியும். மைஎஸ்க்யூஎல் 2019இல் வந்த 8.0.16க்கு முன்னால் செக் விதியைப் படித்துவிட்டு அப்படியே தூக்கிப் போட்டுவிடும். எச்சரிக்கைகூடக் கிடையாது. அதன் மைஐசாம் என்ற பழைய வகை அட்டவணைகளில் ஃபாரின் கீக்கும் இதே கதி. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருளில் ஃபாரின் கீ சரிபார்ப்பு 2009 முதல் இருக்கிறது, ஆனால் பொதுவாக அணைந்தே கிடக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் தனியாக இயக்க வேண்டும். மொபைல் செயலிகளில் பெரும்பாலும் எஸ்க்யூலைட்தான் ஓடுகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. அதே எஸ்க்யூலைட்டில், கண்டிப்பான அட்டவணை என்று சொல்லாதவரை, முழு எண் புலத்தில் ‘முப்பது மூட்டை’ என்று எழுத்தாகவே சேமிக்கலாம்.

மொத்தமாக ஏற்றும்போது வேகத்துக்காகச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டுப் பிறகு இயக்குவார்கள். மைஎஸ்க்யூஎல்லில் மறுபடி இயக்கினாலும் இடையில் நுழைந்த வரிசைகளை அது திரும்பிப் பார்க்காது. எஸ்க்யூஎல் சர்வர் அப்படிப்பட்ட விதியை ‘நம்பத் தகாதது’ என்று குறித்து வைத்துக்கொள்ளும், தேடல்களை வேகப்படுத்த அதைப் பயன்படுத்தவும் செய்யாது. எனவே ஒவ்வொரு விதிக்கும் ஒரு தவறான வரிசையை வேண்டுமென்றே உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். மறுத்தால்தான் விதி இருக்கிறது என்று பொருள்.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் விதி சேர்ப்பது

புதுத் தளத்தில் எல்லாம் சுலபம். நாலு வருஷம் ஓடிய தளத்தில் விதி சேர்க்கப் போனால் பழைய வரிசைகள் இடிக்கும், தரவுத்தளம் விதியையே ஏற்காது. போஸ்ட்கிரெஸில் இதற்கு நல்ல வழி உண்டு:

1. செக் அல்லது ஃபாரின் கீயை ‘பழையதைச் சரிபார்க்காதே’ என்ற குறிப்போடு சேருங்கள். இந்த நிமிடத்திலிருந்து புதிதாக வருவதெல்லாம் விதிக்கு உட்படும்.

2. மீறும் பழைய வரிசைகளைத் தேடிப் பட்டியல் எடுத்து, ஊரில் விசாரித்துத் திருத்துங்கள். நிரல் எழுதி மொத்தமாக மாற்றாதீர்கள். ஒரே வயலுக்கு மூன்று பதிவு இருந்தால் எது உண்மை என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் அடங்கலும் (கிராமத்தின் சாகுபடிக் கணக்கு) சொல்ல வேண்டும், கணினியால் சொல்ல முடியாது.

3. முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தேறினால் விதி முழு அமலுக்கு வரும்.

யூனிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது, இரட்டைகளை முதலிலேயே தீர்த்தாக வேண்டும். அப்புறம், போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீ போட்ட புலத்துக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) தானாக வராது, நாம்தான் போட வேண்டும். போடாவிட்டால் நிலம் அட்டவணையில் ஒரு வரிசையை அழிக்க ரசீது அட்டவணை முழுவதையும் அது புரட்டும், சீசனில் அந்தத் தாமதம் வரிசையில் நிற்பவர் தலையில் விடியும்.

கடைசியாக, ஒவ்வொரு விதிக்கும் புரியும்படி ஒரு பெயர் வையுங்கள். பெயர் வைக்காவிட்டால் தரவுத்தளம் தானே ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளும், பிழை வரும்போது அந்தப் பெயர்தான் செயலிக்குக் கிடைக்கும், செயலி அதைப் புரிந்துகொள்ளாமல் ‘பதிவு தோல்வி’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். பரப்பு மீறல் விதிக்குத் தனிப் பெயர் இருந்தால், அது வரும்போது திரையில் இப்படிக் காட்ட முடியும்: “124/2இல் மொத்தம் 48.50 ஏர். இந்தப் பருவத்துக்கு ஏற்கனவே 32.40 ஏர் பதிவாகியுள்ளது. நீங்கள் அதிகபட்சம் 16.10 ஏர் பதியலாம். ஆட்சேபனை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரை அணுகவும்.” அதைப் படிக்கும் தம்பிக்கு அடுத்து அண்ணனிடம் போவதா, விஏஓவிடம் போவதா என்பதாவது தெரியும்.